நிறத்தில் இல்லை, விழுவதில் இருக்கிறது

அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள் விற்கும் பெரிய கடை எதற்குள் போனாலும் ஒரு சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் புழுக்கள் தொங்கிக்கொண்டிருக்கும். தர்பூசணிப் பச்சை, அதே பச்சையில் சிவப்பு மினுக்கு தூவியது, பூசணிப் பழுப்பு, கத்தரிப்பூ நிறத்தில் பச்சை மினுங்குவது என்று வகைகள் எண்ணி மாளாது. நீளம் மூன்று அங்குலத்தில் தொடங்கிப் பத்து, பன்னிரண்டு வரை போகும். வால் சிலவற்றுக்குச் சுருண்டிருக்கும், சிலவற்றுக்குத் துடுப்புபோல் விரிந்திருக்கும், சில மொட்டை. இத்தனையும் பெரும்பாலும் ஒரே மீனுக்காக: பெருவாய் பாஸ். பாஸ் என்றதும் நம் உணவகங்களில் சீ பாஸ் என்று பெயர் எழுதி விற்கும் கொடுவாவை நினைத்துவிட வேண்டாம். இது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன், வேறு குடும்பம். கடைச் சுவரின் முன் நிற்கும் புதியவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த நிறம் வாங்கலாம் என்பது. அங்கே தொடங்குவதே பிசகு என்பது என் வாதம். இந்தப் புழு மற்றச் செயற்கை இரைகள் போக முடியாத இடத்துக்குப் போகிறது, அங்கே மெதுவாக விழுகிறது, வாய்க்குள் போன பிறகும் மீனுக்குச் சந்தேகம் வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் மீன் கிடைக்கிறது. இந்த மூன்றையும் தீர்மானிப்பவை முள்ளைக் கோக்கும் விதமும், ஈயத்தின் எடையும், கம்பைப் பிடித்திருக்கும் கையும்.

புழு என்ற பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. பெருவாய் பாஸ் தின்பது சிறு மீன், தவளை, நீர்ப்பூச்சி, சிங்கி இறாலைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும் கிரேஃபிஷ் ஆகியவற்றை. பெருமழையில் கரை கரைந்து வந்தால் ஒழிய, மண்புழு ஏரியின் அடித்தளத்துக்கு வருவது அபூர்வம். அப்படியிருக்க, ஏழு அங்குல நீளத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புழுவை அந்த மீன் இதற்கு முன் பார்த்திருக்க வழியே இல்லை. விலாங்குக் குஞ்சு, அட்டை, தண்ணீர்ப் பாம்பு என்று தூண்டில்காரர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஒன்றுக்கும் நிரூபணம் கிடையாது. மீனின் வாழ்முறையைப் பார்த்தால் அந்த விளக்கங்கள் தேவைப்படுவதும் இல்லை. பாஸ் துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கி வேட்டையாடுவதையே விரும்பும். மூழ்கிய மரக்கட்டையின் நிழலிலோ பாசிப் படுகையின் ஓரத்திலோ நின்றுகொண்டு, எட்டும் தூரத்தில் வருவதைப் பாய்ந்து கவ்வும். பாயும்போதே வாயை அகலத் திறப்பதால், நீரும் இரையும் சேர்ந்து உள்ளே போகும். அதற்குக் கையா இருக்கிறது, எடுத்துப் பார்க்க? வாயில் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். மரத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ செய்த பொய் மீன் என்றால் உள்ளே போன வேகத்தில் துப்பிவிடும். சதைபோல் அமுங்குவதைத் துப்ப அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை.

இந்த மென்மை ஒரு சமையலறையிலிருந்து வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன், டயர் ஆலைகளின் ஊர். அங்கே இயந்திரத் தொழிலாளியாக இருந்த நிக் கிரீமும் அவர் மனைவி கோஸ்மாவும் 1949-இல் வினைல், எண்ணெய், சாயம் ஆகியவற்றை அடுப்பில் காய்ச்சி, அசல் புழுவை வைத்து எடுத்த அச்சில் ஊற்றிப் பார்த்தார்கள். அதற்கு முன்பும் ரப்பர் புழுக்கள் இருந்தன, ஆனால் விறைப்பானவை. கிரீம் தம்பதியின் புழு உயிருள்ளதுபோல் நெளிந்தது. 1951 வாக்கில் ஐந்து புழு ஒரு டாலர் என்று விற்றார்கள். ஆனால் அந்தக் காலத்துப் புழுக்கள் பலவற்றில் இரண்டு, மூன்று முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு சின்னச் சுழலி வேறு. திறந்த நீரில் அதனால் தொல்லை இல்லை. டெக்சாஸில் தொல்லை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே அணை அணையாகக் கட்டினார்கள். 1960-களில் எழுந்த சாம் ரேபர்ன், டோலிடோ பெண்ட் போன்ற நீர்த்தேக்கங்களில் காடுகள் நின்றபடியே மூழ்கின. பாஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. திறந்த முள்ளுக்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது. எறிந்த ஒவ்வொரு தடவையும் முள் கிளையில்தான் போய்ச் சிக்கும். முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைக்கும் கட்டு இந்த நெருக்கடியில்தான் வேரூன்றியது. இன்று உலகம் முழுக்க அதற்கு டெக்சாஸ் ரிக் என்று பெயர்.

அதைக் கட்டும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம், ஏனென்றால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. தோட்டா வடிவ ஈயத்தை அதன் கூர்முனை கம்பைப் பார்க்கும்படி நரம்பில் கோத்து, அதற்குக் கீழே முள்ளைக் கட்ட வேண்டும். கழுத்தருகே படிபோல மடிந்திருக்கும் முள் இதற்கென்றே வருகிறது. ஆறேழு அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு பொருந்தும். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் குத்தி, அரை சென்டிமீட்டர் போனதும் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது தலைக்குள் புதையும்வரை இழுத்து, பிறகு முள்ளை அரைவட்டம் திருப்ப வேண்டும். இப்போது புழுவைத் தொங்கவிட்டால் முள்ளின் வளைவு அதன் உடம்போடு ஒட்டி நிற்கும். வளைவின் அடி எங்கே தொடுகிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போட்டு, அந்த இடத்தில் நுனியை மறுபடி உள்ளே செருக வேண்டும். கீறலுக்குச் சற்று மேலே குத்தினால் புழு இழுபடும்; கீழே குத்தினால் கூன் விழும். கோணலான புழு நீரில் விழும்போது பம்பரமாய்ச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். எந்த இரையும் அப்படி விழுவதில்லை. நேராகக் கோத்த புழுவோ கிளைகளுக்கு நடுவில் நழுவி இறங்கி, சிக்காமல் திரும்பி வரும். அடர்ந்த பாசியில் ஈயம் ஒருபக்கமும் புழு ஒருபக்கமும் பிரியாமல் இருக்க, ஈயத்தின் துளையில் ஒரு பல்குச்சியைச் செருகி ஒடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் சாமான் என்று பார்த்தால் ஒரு முள், ஒரு ஈயம், ஒரு புழு. தோதான கடை தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது எடை. பாஸ் புழுவைக் கவ்வுவது பெரும்பாலும் அது முதல் தடவை விழும்போதுதான் என்பது நெடுநாள் தூண்டில்காரர்கள் அநேகமாக எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அப்படியென்றால் விழும் வேகம்தான் உண்மையில் நாம் காட்டும் இரை. ஆழமில்லாத, தெளிந்த நீரில் மூன்றரை கிராம் ஈயம் போதும். காற்று அடித்தாலோ, ஆழம் கூடினாலோ, பாசி அடர்ந்தாலோ ஏழு, பத்து கிராம் என்று ஏற்ற வேண்டும். அடித்தளத்தைத் தொட்டு உணர முடிகிற எடைகளில் எது குறைவோ அது சரியான எடை. கரோலைனா ரிக் இதே கணக்கை வேறுவிதமாகப் போடுகிறது. பதினான்கு முதல் இருபத்தெட்டு கிராம் வரையுள்ள கனத்த ஈயத்தை மேலே வைத்து, ஒரு மணியையும் சுழல் வளையத்தையும் இடையே கட்டி, புழுவை இரண்டு மூன்று அடி நீள நரம்பில் பின்னால் விடுகிறார்கள். ஈயம் தரையை உழுதுகொண்டு போகும், எடையில்லாத புழு பின்னால் மிதந்து மிதந்து இறங்கும். 1985-இல் ஆர்கன்சா ஆற்றில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை ஜாக் சான்சலர் இந்த முறையில்தான் வென்றார். அவர் புழுவுக்கு வைத்திருந்த பெயர் 'ஒன்றும் செய்யாதது'. பெயர் பொருத்தம். கேரி யாமமோட்டோ உருவாக்கிய சென்கோ புழு இதை இன்னும் ஒருபடி தள்ளிக்கொண்டு போனது. வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. பார்த்தால் பேனாத் துண்டு. பிளாஸ்டிக்கில் உப்பைக் கலந்து கனமாக்கியிருப்பதால் ஈயமே இல்லாமல், படுக்கைவாட்டில், இரு முனைகளும் லேசாக நடுங்க மூழ்கும். நடுவில் ஒரு முள்ளைக் குறுக்காகக் குத்திவிட்டால் போதும், அதுவே வாக்கி ரிக். கான்சஸ் எழுத்தாளர் நெட் கெஹ்டியின் பெயரால் வழங்கும் நெட் ரிக்கோ, இரண்டரை மூன்று அங்குலத் துண்டு, காளான் வடிவச் சிறு ஈயத் தலை, அவ்வளவுதான். கண்ணைக் கவரும் எதையும் சேர்க்காமல், இருந்ததையும் கழித்துக்கொண்டே வந்த வரலாறு இது.

புழு தானாக ஒன்றும் செய்யாது என்றால், செய்ய வேண்டியதெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. ஏழடிக் கம்பு, அடிப்பகுதி முரடாகவும் நுனி மட்டும் வளைவதாகவும் இருப்பது, இதற்கு ஏற்றது. நரம்பு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நைலான் நரம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், இழுவையும் அதிகம். பின்னல் நூல் மிதக்கும். ஃபுளோரோகார்பன் நரம்பின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு, மூழ்கும், அடியில் ஈயம் கல்லில் உரசுவதையும் மரத்தில் தட்டுவதையும் பிரித்துச் சொல்லும். எறிந்ததும் நரம்பை விறைப்பாகப் பிடித்தால் புழு ஊசல்போல் கரைப்பக்கம் வந்துவிடும். முழுக்க விட்டுவிட்டால் கடி தெரியாது. கொஞ்சம் தொய்வும் கொஞ்சம் பிடிப்புமாக இறக்க வேண்டும். தரையைத் தொட்ட பின் ரீலைச் சுற்றாமல் கம்பை மெல்லத் தூக்கிப் புழுவை நகர்த்தி, மறுபடி விழவிட்டு, தொய்வை மட்டும் சுற்றிக்கொள்ள வேண்டும். கடி என்பது எப்போதும் வெடுக்கென்று வராது. ஒரு சின்னத் தட்டு. அல்லது நரம்பு பக்கவாட்டில் நகர்வது. அல்லது பத்தடி ஆழத்தில் நிற்க வேண்டிய நரம்பு ஐந்தடியிலேயே தொய்ந்து நின்றுவிடுவது. ஆகவே கண் நரம்பு நீரைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்ததும் கம்பைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, ஓங்கிச் சுண்ட வேண்டும். டெக்சாஸ் கட்டில் முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பிறகு தாடையில் ஏற வேண்டியிருப்பதால் தயக்கம் உதவாது. திறந்த சன்ன முள் போட்ட வாக்கி ரிக்குக்கு இந்த ஆவேசம் வேண்டாம், சுற்றிக்கொண்டே தூக்கினால் போதும்.

இங்கே முதல் எதிர்வாதம் எழும். நிறம் பொருட்டே இல்லை என்றால், அனுபவசாலிகள் ஏன் ஒரு நிறத்தை விட்டு மறு நிறத்துக்கு மாறி மீன் பிடிக்கிறார்கள்? பாஸ் நிறம் பார்க்கும் என்பதில் ஐயமில்லை. அதன் கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்கும் ஏற்ற இருவகைக் கூம்பு அணுக்கள் உண்டு. இலினாய் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால் தீனி என்று மீன்களைப் பழக்கினார்கள். சிவப்பும் பச்சையும் பழகிய மீன்கள் அவற்றை நன்றாகவே பிரித்தறிந்தன. ஆனால் கருநீலத்தையும் கறுப்பையும் அவை குழப்பிக்கொண்டன. பளிச்சென்ற எலுமிச்சைப் பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன. அதாவது, நாம் காசு கொடுத்து வாங்கும் வேறுபாடுகளில் ஒரு பகுதி மீனின் கண்ணில் கிடையவே கிடையாது. இதோடு கலங்கலும் ஆழமும் சேர்ந்து நிறங்களை மேலும் தின்றுவிடுகின்றன. தெளிந்த நீருக்குப் பச்சை அல்லது பழுப்பு, கலங்கலுக்கும் இரவுக்கும் கறுப்பு அல்லது கருநீலம் என்று இரண்டு வைத்துக்கொண்டால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். நிறத்தை மாற்றியதும் மீன் விழுந்தது என்பவரிடம், மாற்றிக் கட்டியபோது புழு நேராகிவிட்டதா, அதே இடத்தில் மறுபடி எறிந்ததால் விழுந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பிரித்துச் சொல்ல அவராலும் முடியாது.

மணம் குறித்த எதிர்வாதத்தில் சாரம் கூடுதல். அலபாமாவின் யூஃபாலாவைச் சேர்ந்த டாம் மான் தம் 'ஜெல்லி' புழுக்களில் பழ வாசனை சேர்த்து விற்றுப் புகழ் பெற்றார். ஸ்ட்ராபெரி மணத்தில் ஒரு பாஸுக்கு என்ன ஆசை என்று கேட்கத் தோன்றும். பிடிபட்டவர்களின் மூக்கு கரையில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் தொட்டியில் வளர்த்த லீராய் பிரவுன் என்ற பாஸ் 1980-இல் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள் என்பதிலிருந்து அந்த ஊரின் மனநிலை புரியும். ஆனால் உப்பும், இரையின் சாற்றைப் போன்ற சுவைப் பொருள்களும் வேறு சங்கதி. மீன் அவற்றைத் தூரத்திலிருந்து மோப்பம் பிடித்து வருகிறது என்பதைவிட, வாயில் வாங்கியதைத் துப்பாமல் கூடுதல் நேரம் வைத்திருக்கிறது என்பதே அவற்றின் பலன். அது கைக்குக் கிடைக்கும் அவகாசத்தை நீட்டுகிறது. ஆகவே என் வாதத்தோடு அதற்குச் சண்டை இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் நேரம் பற்றியது. வேகமாக இழுக்கும் பொய் மீனால் ஒரு மணி நேரத்தில் ஏரியின் பாதிக் கரையைத் துழாவிவிடலாம். புழுவோடு ஒரே மரத்தடியில் கால்மணி நேரம் நிற்பது எதற்கு? பசியோடு திரியும் மீன் நிறைய இருக்கும் நாளில் இந்தக் கேள்வி நியாயமானது, அன்று பொய் மீனே சிறந்தது. எல்லா மீனும் அப்படி இல்லை என்பதுதான் விஷயம். கனடா ஆய்வாளர்கள் 2015-இல், வேகமாக இழுக்கும் கெட்டி இரையிலும் மெதுவான மென்பிளாஸ்டிக்கிலும் பிடிபட்ட மீன்களைச் சோதித்தபோது, இரு முறைகளும் துணிச்சலில் வேறுபட்ட மீன்களைப் பிடிப்பதைக் கண்டார்கள். இலினாயின் ரிட்ஜ் ஏரியில் நடந்த நீண்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அடிக்கடி தூண்டிலில் சிக்கிய மீன்களையும் சிக்காமலே தப்பிய மீன்களையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்வித்தார்கள். மூன்று தலைமுறையில் இரு வம்சங்களுக்கும் இடைவெளி வளர்ந்தது. சிக்கும் சுபாவம் ஓரளவு வழிவழியாக வருகிறது என்று 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தை ரே ஸ்காட்டின் பாஸ் சங்கம் 1972 முதல் பரப்பியதால், இன்றைய ஏரிகளில் உள்ள பல மீன்கள் ஏற்கெனவே ஏமாந்து பாடம் படித்தவை. நாள்தோறும் படகுகள் மொய்க்கும் ஏரியில் எஞ்சியிருப்பவை தயங்கும் மீன்களே. அவற்றுக்கு ஏற்றது, விரட்டாத, சத்தம் போடாத, ஒன்றும் செய்யாத இரை.

நம் ஊரில் பெருவாய் பாஸ் இல்லை. ஆனால் தாமரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஏரிகளில் விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது. உள்ளே காற்றடைத்த மென்மையான உடம்பு, அதன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் இரட்டை முள். இலைமேல் இழுத்தால் சிக்காது. விரால் கவ்வியதும் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். மீன் வேறு, இரை வேறு, முள்ளை மறைக்கும் புத்தி ஒன்று.

மென்மைக்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் ஒருதலையாகிவிடும். மென்மையான புழு சீக்கிரம் கிழியும். நாலைந்து மீன் பிடித்த புழு கந்தலாகி, எத்தனையோ படகுகளிலிருந்து தண்ணீரிலேயே எறியப்படுகிறது. வினைல் அங்கே மட்காது, ஊறி உப்பும். மெய்ன் மாநிலத்தில் தொட்டியில் வளர்த்த புரூக் டிரவுட் மீன்களின் முன் இத்தகைய பிளாஸ்டிக் இரைகளைப் போட்டுப் பார்த்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட மீன்கள் அடியில் கிடந்தவற்றைத் தாமாகவே விழுங்கின. வயிற்றில் தங்கியவை பசியைக் குறைக்க, மீன்கள் எடை இழந்தன. கிழிந்த புழுவை வாங்கிய உறையிலேயே போட்டுக் கரைக்குக் கொண்டுவருவது பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. அதை உருக்கி மறுபடி வார்ப்பவர்களும் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் செய்தால் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஈயத்தின் கணக்கு தனி. அறுந்து போன குண்டுகளை லூன் எனும் நீர்ப்பறவைகள் விழுங்கி நஞ்சேறிச் சாவதால், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சிறிய ஈயக் குண்டுகளைத் தடை செய்திருக்கின்றன. மாற்றாக வந்த டங்ஸ்டன் விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தியானது என்பதால் அதே எடைக்குக் குண்டு சிறிதாகிறது, பாசிக்குள் எளிதாக நுழைகிறது, கல்லில் தட்டும்போது கைக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மீனுக்கு நேரடியாக நேரும் கேடு ஒன்று, தாமதம். வாயில் புழு இதமாக இருப்பதால் அதை விழுங்கவும் செய்யும். மீன் நன்றாகக் கவ்வட்டும் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பது பழைய பழக்கம். அப்படிக் காத்திருந்தால் முள் உதட்டை விட்டுத் தொண்டைக்குப் போய்விடுகிறது. செவுளருகே குத்திய மீனைத் திருப்பி விட்டாலும் பல சமயம் பிழைப்பதில்லை. கடி தெரிந்ததும் சுண்டினால் முள் பெரும்பாலும் மேலுதட்டிலோ வாயின் ஓரத்திலோதான் ஏறும். அப்படியும் ஆழமாகப் போய்விட்டால் இடுக்கியை விட்டுக் குடையாமல், நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டி, மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே விட்டுவிடுவது நல்லது.